ஒட்டியாணம்

ஞானாபரணம் ஸ்டுடியோ ஆள்
பாலம் தாண்டி, டவுனில் என் மாடியேறி வந்து
உறையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.
பாளையங்கோட்டை வெயில் உறைக்குள்ளும் இருந்தது.
உள்ளே வெட்டுவான்குளம் சின்ன ஜமீன்.
வயது ஒன்றரை.
பழுப்பேறிய கறுப்பு வெள்ளையில்
என்னை முறைத்தது.

கூடவே மானேஜர் கடிதம்.
உடுப்பு ஊதாப் பட்டு.
தொப்பியில் சரிகை, அசல் சரிகை.
மேனி, இருப்பதைவிட இரண்டு மாற்றுக் கூட.
அதற்கடியில், வேறு மையில் ஒரு வரி:
விரல்களை எடுத்துவிடவும்.

அப்புறம்தான் பார்த்தேன்,
பிள்ளை இருந்தது நாற்காலியில் இல்லை,
கறுப்புத் துணி போர்த்திய ஒரு மடியில்.
துணிக்கு உள்ளே ஓர் ஆள்.
மூச்சு ஏறி இறங்கின இடம் மட்டும்
கலங்கலாக விழுந்திருந்தது.
பிள்ளை இடுப்பைச் சுற்றி, முன்பக்கம்,
நான்கு விரல்.

போய்க் கேட்டேன்.
"அது மாடத்திவே, பால் குடுக்கிறவ.
எறக்கிவிட்டா ஓடுது, ராணி தூக்கினா அழுவுது.
ஆறு எண்ணுத மட்டும் அசையப்படாதுன்னேன்.
அவ துணிக்குள்ள இருந்து
பத்து மட்டும் எண்ணுனா."

தந்தச் சில்லு என் உள்ளங்கையில் பாதி.
முகம் புளியங்கொட்டை.
தூரிகையில் அணில்வால் மயிர் மூன்று.
கீழ் வீதியில் மாட்டுவண்டி போனால்
கண்மணி கன்னத்துக்கு வந்துவிடும்;
வண்டி போகிறவரை மூச்சைப் பிடித்திருப்பேன்.
சில்லுக்குப் பின்னால் தங்க ரேக்கு ஒட்டினேன்,
தோல் உள்ளிருந்து சிவந்தது.
இரண்டு மாற்றுக் கூடிற்று. கூலி கூடவில்லை.

விரலுக்கு வந்தேன்.
எடுத்தால் பிள்ளை சரிகிறது.
மூன்று தரம் எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன்,
மூன்று தரமும்
இடப்பக்கமாகச் சாய்ந்தது, சோற்று மூட்டை மாதிரி.
கடைசியில் விரல்கள் போன வழியே
ஓர் ஒட்டியாணம் போட்டேன்.
கணு இருந்த இடமெல்லாம் பூட்டு,
நகம் நான்கும் மரகதம்.
சுட்டுவிரல் நகம் பிளந்திருந்தது.
அந்தக் கல்லில் ஒரு கீறல் வைத்தேன்.
ஏன் வைத்தேன்? இருந்தது, வைத்தேன்.
பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் கழித்து சம்மன்.
பெரிய ஜமீன் காலமாகி
அண்ணன் மேல் தம்பி பிராது.
வாதி தரப்புச் சான்று பதினேழு:
தந்தப் படம் ஒன்று.
அதில் கண்ட ஒட்டியாணம், மதிப்பாக இருபத்துநாலு பவுன்,
மரகதம் நான்கு, ஒன்று கீறல் விழுந்தது,
அரண்மனை ஜாபிதாவில் காணோம்.
அண்ணன் விழுங்கிவிட்டான்.

வக்கீல் பூதக்கண்ணாடியை நீட்டினார்.
"கல்லைக் கண்ணால் பார்க்காமல்
கீறலை எப்படி ஐயா எழுதினீர்?"
"கல் இல்லை எசமான். நகம்."
டவாலி அதட்டுகிறவரை சிரித்தார்கள்.
"யார் நகம்?"
"மாடத்தி."
"எந்த மாடத்தி?"
கோர்ட்டு வாசலில் நின்று கூப்பிட்டால்
ஒன்பது பேர் திரும்புவார்கள்.
குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
தகப்பன் பெயர் கேட்டார். ஊர் கேட்டார்.
பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார்.

ஒட்டியாணமே இல்லை என்று ஆயிற்று.
ஜெயித்தவனுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.
வராந்தாவில் என்னை மறித்தான்,
இருபத்துமூன்றரை வயது, தொந்தி விழத் தொடங்கியிருந்தது.
"அவ இருக்காளா?"
தெரியாது என்றேன்.
"முகம் எப்படி?"
எனக்கு நான்கு விரல்தான் தெரியும்,
அப்புறம், ஆறு கேட்டால்
பத்து எண்ணுகிறவள் என்று தெரியும்.

மாற்றுக் குறைவாகத்தான் இருந்தான்,
படத்துக்கு இரண்டு.

சாட்சிப் படி பன்னிரண்டு அணா.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.